செவிவழிக் கலைக்கூடம்: சமூக வானொலியில் கலைஞர்களும் காப்பாட்சியர்களும்

முன்னுரை

ஓவியமும் சிற்பமும் நெசவும் கண்ணுக்குரிய கலைகள். வானொலியோ செவிக்குரிய கருவி. கண்ணால் காண வேண்டியதைக் காதால் கேட்டு என்ன பயன் என்னும் வினா எழுவது இயல்பே. ஆயினும் உலகின் பல பகுதிகளில் ஓவியர்களும் கைவினைஞர்களும் அருங்காட்சியகக் காப்பாட்சியர்களும் கண்காட்சிகளைத் தொகுத்து அமைப்போரும் சிறிய சமூக வானொலி நிலையங்களில் அமர்ந்து தம் பணியைப் பற்றி மக்களோடு உரையாடி வருகின்றனர். இவ்வுரையாடல் எவ்வாறு நிகழ்கிறது, அதனால் கலைக்கும் ஊருக்கும் விளையும் பயன் யாது, அதற்குள்ள தடைகள் எவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரிபாடல் காட்டும் காட்சி

கலைப்பொருளைச் சொல்லால் விளக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் தீட்டப்பெற்றிருந்த மண்டபம் ஒன்றை நம் கண்முன் நிறுத்துகிறது. அங்கு வந்தவர்களுள் அறியாதோர் வினவ, அறிந்தோர் இரதி, காமன் உருவங்களையும் அகலிகையின் கதையையும் சுட்டி விளக்குகின்றனர். இன்று அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் செய்யும் பணியை அன்று உடன் வந்தவர்களே செய்திருக்கின்றனர். கேட்டவரும் சொன்னவரும் பொதுமக்களே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கலையைப் பற்றிப் பேசும் உரிமை கற்றறிந்த சிலருக்கு மட்டும் உரியதன்று என்னும் கருத்து அக்காட்சியிலேயே பொதிந்துள்ளது. சமூக வானொலி செய்ய முனைவதும் இதுவே.

சமூக வானொலி என்பது யாது?

வானொலி நிலையங்களை அரசு வானொலி, வணிக வானொலி, சமூக வானொலி என மூவகையாகப் பகுக்கலாம். முன்னது அரசின் பொறுப்பில் நாடு முழுவதற்குமாக இயங்குவது. இரண்டாவது விளம்பர வருவாயை நோக்கமாகக் கொண்டது. மூன்றாவது ஒரு சிறு வட்டாரத்து மக்களுக்காக, அம்மக்களின் பங்கேற்புடன், இலாப நோக்கமின்றி நடத்தப்பெறுவது.

தமிழகத்தில் வானொலியின் தொடக்கமே ஆர்வலர் முயற்சிதான் என்பது பலரும் அறியாத செய்தி. 1924-ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தை நிறுவி ஒலிபரப்பைத் தொடங்கினர். பணமுடையால் அது 1927-இல் நின்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. பின்னர் 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் அமைந்தன. அதன்பின் நெடுங்காலம் வானொலி அரசின் தனியுரிமையாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியது 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. துடுப்பாட்டப் போட்டி ஒன்றை ஒளிபரப்பும் உரிமை குறித்து எழுந்த அவ்வழக்கில், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று நீதிபதிகள் தெளிவுபடுத்தினர். 2002-இல் கல்வி நிறுவனங்கள் சமூக வானொலி நடத்த மத்திய அரசு இசைந்தது. அதன் பயனாக 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வாய்ப்பு விரிவாக்கப்பட்டது. 2008 அக்டோபர் 15 அன்று, இன்றைய தெலங்கானாவில் உள்ள மாச்சனூர் என்னும் சிற்றூரில், தலித் பெண்களே நடத்தும் 'சங்கம் வானொலி' தொடங்கப்பெற்றது. 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பை வழங்கிய நீதிபதிகளுள் ஒருவரான பி. பி. சாவந்த் அவர்களே அதனைத் தொடங்கி வைத்தார் என்பது பொருத்தமான செய்தியாகும். நம் பகுதியில் பாம்பன் மீனவ மக்களுக்கென 2016-இல் தோன்றிய 'கடல் ஓசை' இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கது.

2006-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி இத்தகைய நிலையத்தின் ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட் அளவினது. அது ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் வரை எட்டும். நிகழ்ச்சிகளுள் பாதியேனும் அவ்வட்டார மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்பது விதி. இவ்விதியே உள்ளூர்க் கலைஞனுக்கு நிலையத்தின் கதவைத் திறந்து விடுகிறது.

பிற நாட்டு முன்னோடிகள்

அமெரிக்காவில் பெர்க்லி நகரில் 1949-இல் லூயிஸ் ஹில் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ. நிலையம், விளம்பரத்தை நாடாமல் கேட்போர் தரும் நன்கொடையால் இயங்கும் முறைக்கு வழிகாட்டியது. கலைஞர்களுக்கென்றே அமைந்த நிலையத்துக்குச் சிறந்த சான்று இலண்டனின் 'ரெசொனன்ஸ்' ஆகும். இலண்டன் இசைக்கலைஞர் கூட்டமைப்பு 1998-இல் சின்னாள் மட்டும் நடத்திப் பார்த்த ஒலிபரப்பே 2002 மே முதல் நாள் நிலையான வானொலியாக மலர்ந்தது. ஓவியர், இசைஞர், கண்காட்சி அமைப்பாளர் எனப் பலரும் அங்குத் தாமே நிகழ்ச்சி தயாரித்து வழங்கினர். கலைஞனை அழைத்துச் சில நிமிடம் பேட்டி கண்டு அனுப்பிவிடும் வழக்கத்தினின்று இது வேறுபட்டது. இங்கே கலைஞனே நிகழ்ச்சியின் உரிமையாளன்.

காப்பாட்சியர் வானொலியில் பேசுவதன் ஆற்றலை உலகறியச் செய்தது பி.பி.சி. 2010-இல் ஒலிபரப்பிய 'நூறு பொருள்களில் உலக வரலாறு' என்னும் தொடராகும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அந்நாளைய இயக்குநர் நீல் மெக்கிரெகர், ஒரு பொருளுக்குக் கால் மணி நேரம் என நூறு உரைகள் ஆற்றினார். அது சமூக வானொலி அன்று. எனினும் அத்தொடரையொட்டி வட்டார வானொலிகளும் உள்ளூர் அருங்காட்சியகங்களும் கைகோத்துத் தத்தம் ஊர்ப் பொருள்களின் கதையைக் கூறத் தொடங்கியதால், சிறிய நிலையங்களுக்கும் அது ஒரு பாடமாயிற்று. பார்வையின்மை வானொலியின் குறையன்று, அதுவே அதன் வலிமை என ருடால்ஃப் ஆர்ன்ஹைம் என்னும் கலை உளவியல் அறிஞர் 1936-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டிருந்தார். அக்கருத்தை இத்தொடர் மெய்ப்பித்தது எனலாம்.

ஒரு பாயின் கதை

இவ்வுரையாடல் நம் மண்ணில் எவ்வாறு அமையலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை, கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு இசுலாமியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்நெசவைப் பேணி வந்துள்ளன. பாயில் மணமக்களின் பெயர்களை நெய்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. அவ்வூரின் நெசவாளர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்கிறார் எனக் கொள்வோம்.

"உங்கள் கலையைப் பற்றிக் கூறுங்கள்" என்று கேட்டால் அவர் திகைப்பார். தம் தொழிலை அவர் கலை என்று எண்ணிப் பழகியிருக்கமாட்டார். மாறாக, "கோரையை எங்கிருந்து கொண்டு வருகிறீர்கள்?" என்று கேட்டால் பேச்சு ஊற்றெடுக்கும். தாமிரபரணிக் கரை, அறுவடைப் பருவம், கோரையைக் கீறிக் காயவைத்தல், ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்தல், மீண்டும் மெல்லிய இழைகளாகக் கீறுதல், பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கோரையை ஊடையாகக் கோத்தல் என ஒவ்வொரு படியும் ஒரு கதையாகும். இழை மெலிய மெலியப் பாய் பட்டுப்போல் குழையும். பட்டுப்பாய் என்று பெயர் வந்ததும் அதனாலேயே. இப்பெயரின் பொருளைக் கேட்பவர், பாயைத் தொடாமலே அதன் மென்மையை உணர்ந்து விடுகிறார்.

இங்கு நிகழ்ச்சி நடத்துவோர் அறிய வேண்டியவை சில உள. முதலாவது, அளவைக் கேட்போர் அறிந்த பொருளோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அங்குலக் கணக்கை விட, மடித்தால் கைக்குள் அடங்கும் என்ற சொல் படத்தை விரைவில் எழுப்பும். இரண்டாவது, ஒலியே சாட்சி. தறியின் தட்டோசையும் கோரை கீறும் ஓசையும் அரை நிமிடம் ஒலித்தால், பத்து வாக்கியங்கள் சொல்ல முடியாததைச் சொல்லிவிடும். மூன்றாவது, கலைஞரின் வட்டார வழக்கைத் திருத்தலாகாது. அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களுள் பல அகராதிகளில் ஏறாதவை. அச்சொற்களே அவர் அறிவின் பெட்டகம்.

இருவர் அறிவும் இணையுமிடம்

காப்பாட்சியரின் அறிவு ஒருவகை. கைவினைஞரின் அறிவு வேறுவகை. ஒரு பொருள் எக்காலத்தது, எவ்வழியே அருங்காட்சியகத்தை அடைந்தது, அதனை ஒத்தவை எங்கெங்கு உள்ளன என்பவற்றைக் காப்பாட்சியர் அறிவார். அதனைச் செய்யும்போது கை எங்கே தயங்கும், எந்த இழை முதலில் அறும் என்பதைக் கைவினைஞரே அறிவார். அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்கு அருகில் முன்னவரின் குரல் மட்டுமே பெயர்ப்பலகையாக நிற்கிறது. சமூக வானொலியிலோ இருவரும் ஒரே ஒலிவாங்கியைப் பகிர்ந்துகொள்கின்றனர். தொலைபேசியில் அழைக்கும் ஊர்ப் பெரியவர் மூன்றாம் குரலாகச் சேர்ந்து, "அதனை எங்கள் வீட்டில் வேறு பெயரால் அழைப்போம்" என்று கூறும்போது ஆவணம் நிறைவடைகிறது.

இது வெறும் பொழுதுபோக்கன்று. பாயை வாங்குவோர் அதன் விலையை அறிவர். அதற்குச் செலவான நாள்களை அறியார். இடைத்தரகர் பெயர் கடையில் இருக்கும். நெய்தவர் பெயர் எங்கும் இராது. தம் உழைப்பின் கணக்கைத் தம் குரலில் ஊரறியச் சொல்லும் வாய்ப்பு, கலைஞருக்கு மதிப்பையும், நாளடைவில் நியாயமான விலையைக் கேட்கும் துணிவையும் தரும். அதனினும் பெரிது, இளையோர் தம் வீட்டுத் தொழிலை வானொலியில் கேட்டு முதன்முறையாகப் பெருமிதம் கொள்வது.

தடைகளும் கடமைகளும்

தடைகள் இல்லாமல் இல்லை. சமூக வானொலி நிலையங்களுக்கு வருவாய் குறைவு. பயிற்சி பெற்றோர் நிலைத்து நிற்பது அரிது. நிலையம் தானே செய்தி திரட்டி ஒலிபரப்ப அரசு நெறிமுறைகள் இடந்தரவில்லை. ஆதலின் கைவினைஞர் போராட்டம் போன்றவற்றைச் செய்தியாகக் கூற இயலாது. எல்லாவற்றினும் பெரிய இழப்பு, ஒலிபரப்பான நிகழ்ச்சி காற்றோடு போய்விடுவதுதான். முதிய கலைஞர் ஒருவரின் ஒரு மணி நேரப் பேச்சைச் சேமிக்கத் தவறினால், அவருக்குப் பின் அதனை மீட்க வழியே இல்லை.

இங்கேதான் கல்லூரித் தமிழ்த்துறைகளின் கடமை தொடங்குகிறது. ஒலிப்பதிவுகளைப் பெயர், ஊர், நாள் குறித்து அடுக்கிக் காக்கலாம். அவற்றை எழுத்தில் பெயர்த்துத் தொழிற்சொல் அகராதி தொகுக்கலாம். மாணவர் தத்தம் ஊரில் உள்ள ஒரு கைவினைஞரைக் கண்டு உரையாடிப் பதிவு செய்வதைப் பயிற்சியாக மேற்கொள்ளலாம். பேசியவரின் இசைவு பெறுதலும், பதிவின் படியொன்றை அவரிடமே அளித்தலும் மறக்கலாகாத அறங்கள்.

முடிவுரை

திருப்பரங்குன்றத்து ஓவியங்கள் இன்று இல்லை. அவற்றின் முன் நின்று ஒருவர் வினவ மற்றவர் விளக்கிய பேச்சு மட்டும் ஒரு புலவர் பாடி வைத்ததால் நம்மிடம் எஞ்சியுள்ளது. பொருள் அழிந்தாலும் அதைப் பற்றிய பேச்சு வாழக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. நம் ஊர்களில் இன்றும் உளியும் தறியும் தூரிகையும் பிடித்த கைகள் உள்ளன. அவற்றுக்குரியோரின் குரல்களும் உள்ளன. அவர்களுள் முதுமையடைந்தோரை முதலில் நாடிச் சென்று கேட்பதே நாம் செய்யத்தக்க உடனடிப் பணியாகும்.