படிக்கிற பிள்ளை எழும்பி நடந்தால் படிப்புக் கெடுமா?

உயர்தரப் பரீட்சை நெருங்கிவிட்டால் நம் லயங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்.

"எங்கடா கெளம்பிட்ட? பொஸ்தகத்த வச்சிட்டு ஊர் சுத்தினா கெம்பஸ் கெடைக்குமா? குந்திப் படி!"

பிள்ளையும் காம்பரா மூலையில் மறுபடி குந்திவிடும். கண் எழுத்தின் மேல் இருக்கும். மண்டையில் ஒன்றும் ஏறாது. பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. நம்ம பிள்ளையாவது கூடை தூக்காமல் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் அது. ஆனால் பல மணி நேரம் அசையாமல் இருப்பதுதான் நல்ல படிப்பா?

மூளைக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம்?

உடல் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தியை இரத்தம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேகமாக நடக்கும்போது இருதயம் உறுதியாக அடிக்கிறது, இரத்த ஓட்டம் கூடுகிறது. ஒரே இடத்தில் குந்தியிருந்தால் தூக்கம் சொக்குவது எல்லோருக்கும் தெரிந்ததே.

மனப்பாடம் செய்ததைப் பதிய வைக்க உதவும் மூளைப் பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. ஒரு வருடம், வாரத்தில் 3 நாள், 40 நிமிடம் நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 வீதம் பெருத்திருந்தது. கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த மற்றவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. வயதானவர்களின் மூளைக்கே நடை இவ்வளவு செய்கிறது.

மாணவர்களிடம் கண்டது

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை வைத்துச் சில சோதனைகள் செய்து 2014இல் வெளியிட்டார்கள். அன்றாடம் புழங்கும் ஒரு பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். குந்தியிருந்தபோது சொன்னதைவிட நடந்தபோது புதிய யோசனைகள் சராசரியாக 60 வீதம் கூடின. வெறும் சுவரைப் பார்த்தபடி நடை இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. நடந்துவிட்டு வந்து குந்திய பிறகும் அது கொஞ்ச நேரம் நின்றது.

ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் கேள்விகளில் நடந்தவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். ஆகவே கட்டுரைக்குக் குறிப்பு யோசிக்கவும், படித்ததைத் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கவும் நடக்கலாம். கணக்குப் போடுவதென்றால் நடந்துவிட்டு வந்து குந்துங்கள்.

பரீட்சைப் பயம்

பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும். அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற சுரப்புகளின் வேலை அது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. பிள்ளையோ அசையாமல் குந்தியிருக்கிறது. மூச்சு வாங்க நடந்தால் உடம்பின் இறுக்கம் தளர்கிறது. தொடர்ந்து செய்தால் இராத் தூக்கமும் சீராகிறது. தூக்கம் சரியாக இருந்தால்தான் படித்தது மனதில் தங்கும்.

எவ்வளவு, எப்படி?

5 வயது முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடல் அசைவும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

● பள்ளிக்கூடத்துக்கு மலைப்பாதையில் நடந்து போய் வரும் பிள்ளைக்கு அந்த நடையும் கணக்கில் சேரும். அதற்கு மேலும் தண்ணி, விறகு என்று ஓட விடாதீர்கள். அதற்கு வேண்டியது சாப்பாடும் தூக்கமும்.

● பஸ்ஸில் போய், டியூசனிலும் வீட்டிலும் குந்தியே இருக்கும் பிள்ளையை பொழுது சாயுமுன் 20, 30 நிமிடம் வெளியே அனுப்புங்கள்.

● வயசுக்கு வந்துவிட்டாள் என்று பொம்பளப் பிள்ளையை அடைத்து வைக்காதீர்கள். அவளுக்கும் அதே பரீட்சைதான். கூட்டாளிப் பிள்ளைகளோடு சேர்ந்து நடக்கட்டும்.

● மழை நாளில் இஸ்தோப்பிலேயே கயிறு அடிக்கலாம்.

"நாங்க நாள் பூரா மலையில நடக்கிறோமே, எங்க கவல கொறையலியே?" என்று அம்மாமார் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுமையோடு, கிலோக் கணக்குக்குப் பயந்து நடப்பது வேறு. கை வீசி நடப்பது வேறு. உங்களுக்கு வேண்டியது ஓய்வு.

ஒன்றை மறக்க வேண்டாம். சின்ன ஏற்றத்துக்கே மூச்சு வாங்கி, முகம் வெளுத்திருந்தால் இரத்தசோகையாக இருக்கலாம்; வைத்தியரிடம் காட்டுங்கள். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், வாழ்க்கையே வெறுத்தது போல இருந்தால் நடை மட்டும் போதாது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

இனிமேல் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு எழும்பினால், "எங்க போறே?" என்று அதட்டாமல், "போயிட்டு இருட்டுமுன்னே வா" என்று சொல்லிப் பாருங்கள்.