செவ்வாய்க்கு இரண்டு நிலா: ஒரு நையாண்டிக் கணக்கு

கலிவர் என்றதும் ஆறங்குல மனிதர்கள் அவரைத் தரையோடு கட்டிப்போட்ட காட்சிதான் நம் கண்முன் வரும். சிறுவர் பதிப்புகள் பெரும்பாலும் அங்கேயும் ராட்சதர் தேசத்திலும் முடிந்துவிடுகின்றன. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட அந்த நாவலின் மூன்றாம் பாகத்துக்கு வாசகர்கள் குறைவு. வானியலில் ஆர்வமுள்ளவர்கள் விடாமல் புரட்டுவது அதைத்தான்.

அதில் லாப்புட்டா என்றொரு தீவு, காந்தக்கல்லின் விசையால் வானில் மிதக்கிறது. அங்குள்ள பெரியமனிதர்கள் எந்நேரமும் கணக்கிலும் கிரகங்களிலும் மூழ்கிக் கிடப்பவர்கள். எதிரே நிற்பவர் பேசுவது காதில் ஏற வேண்டுமென்றால், காதைத் தட்டிவிடக் கூடவே ஒரு வேலைக்காரன் வேண்டும். தையல்காரர் கோணமானி வைத்து அளவெடுத்துக் கலிவருக்குத் தைத்த உடுப்பு உடம்பில் பொருந்தவே இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி அறிஞர்கள் மீது ஸ்விஃப்டுக்கு இருந்த கடுப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

இத்தனை கிண்டலுக்கும் நடுவே ஒரு தகவல்: லாப்புட்டாவாசிகள் செவ்வாய்க்கு இரண்டு நிலாக்களைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஒன்று செவ்வாயின் மையத்திலிருந்து அதன் விட்டத்தைப்போல 3 மடங்கு தூரத்தில், 10 மணி நேரத்தில் சுற்றுகிறது. மற்றது 5 மடங்கு தூரத்தில், இருபத்தொன்றரை மணி நேரத்தில்.

அந்த நிலாக்களை அன்று பூமியில் எவரும் பார்த்ததில்லை. 1877 ஆகஸ்டில்தான் வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தில் ஆசஃப் ஹால் அவற்றைக் கண்டார். ஃபோபோஸ், டெய்மோஸ், சரியாக இரண்டு! டெய்மோஸின் ஒரு பள்ளத்துக்கு ஸ்விஃப்டின் பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஸ்விஃப்டுக்கு ஏதோ ரகசிய ஞானம் இருந்ததாகக் கதை கட்டியவர்களும் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பூமிக்கு ஒரு நிலா, வியாழனுக்கு அன்று தெரிந்தவை நான்கு. இடையிலுள்ள செவ்வாய்க்கு இரண்டு இருந்தால் வரிசை அழகாக அமையும். 1610-லேயே கெப்ளர் அப்படி நம்பினார்.

எனக்கு வியப்பு எண்ணிக்கையில் இல்லை, அந்த மணிக்கணக்கில்தான். ஒரே கோளைச் சுற்றுபவற்றுக்கு, சுற்றும் காலத்தின் இருமடியைத் தூரத்தின் மும்மடியால் வகுத்தால் ஒரே எண் வர வேண்டும். இது கெப்ளரின் மூன்றாம் விதி. போட்டுப் பாருங்கள். 100-ஐ 27-ஆல் வகுத்தால் 3.70. இருபத்தொன்றரையின் இருமடி 462.25, அதை 125-ஆல் வகுத்தால் அதே 3.70. விதி பொருந்துவதை நாவலே சொல்லிக்காட்டுகிறது. கணக்குப் பைத்தியங்களைக் கேலி செய்தவர், தன் கணக்கைப் பிசகில்லாமல் போட்டிருக்கிறார்.

ஆனாலும் அது செவ்வாயின் கணக்கு அல்ல. நிஜத்தில் ஃபோபோஸ் இன்னும் நெருக்கத்தில், ஏழே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாகச் சுற்றிவிடுகிறது; டெய்மோஸுக்கு 30 மணி நேரம். 3 விட்டத் தூரத்திலுள்ள நிலா 10 மணியில் சுற்ற வேண்டுமானால், இழுக்கும் கோள் நிஜச் செவ்வாயைவிட ஏறக்குறைய 6 மடங்கு நிறை கொண்டிருக்க வேண்டும். அப்போது அதன் அடர்த்தி தங்கத்தையும் தாண்டி, ஆஸ்மியத்தையும் மிஞ்சிவிடும். இதை ஸ்விஃப்ட் சரிபார்த்திருக்க முடியாது. அன்று ஒரு கோளை நேரடியாக எடைபோட அதைச் சுற்றும் நிலா ஒன்று வேண்டியிருந்தது. ஹால் கண்டுபிடித்த பிறகே செவ்வாய்க்கு அந்தத் தராசு கிடைத்தது.