மடைப்பள்ளியில் நூடுல்ஸ் கிண்டாதீங்க!

போன செமஸ்டர், புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாடகை ரூமில் மணி பதினொன்று. "டேய் மச்சான், டெர்மினலே ஓப்பன் ஆக மாட்டேங்குதுடா!" என்று ரூம்மேட் கத்தினான். கோட், ரிப்போர்ட் எல்லாமே அந்த லேப்டாப்பில்தான்.

அவன் செய்தது ஒரே ஒரு வேலை. உபுண்டு 22.04-உடன் வருவது பைத்தான் 3.10. ஏதோ லைப்ரரிக்காக 3.11-ஐ இன்ஸ்டால் செய்து, 'பைத்தான்3' என்ற பெயர் இனிமேல் 3.11-ஐக் காட்டும்படி மாற்றிவிட்டான். புது வெர்ஷன்தானே, அதில் என்ன தப்பு?

டெர்மினலுக்கும் பைத்தானுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கு! உபுண்டுவில் க்னோம் டெர்மினலைத் திறப்பதே ஒரு குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட். அதன் முதல் வரி '#!' என்று தொடங்கி, "என்னை பைத்தான்3-ஐ வைத்து ஓட்டு" என்று சொல்லும். அந்த ஸ்கிரிப்ட் கூப்பிடும் ஒரு மாட்யூலின் உள்ளே சி மொழியில் எழுதி 3.10-க்கென்றே கம்பைல் செய்த பகுதி உண்டு. 3.11 அதைத் தேடும், கிடைக்காது, ஸ்கிரிப்ட் செத்துவிடும். ஏபிடி கதையும் இதேதான். அது சி++ புரோகிராம் என்றாலும், 'அப்டேட்' முடிந்ததும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்டைக் கூப்பிடும். அது "ஏபிடி_பிகேஜி மாட்யூல் இல்லை" என்று அழும்.

ஏன் இப்படி எழுதினார்கள்?

சோம்பேறித்தனம் இல்லை. கான்ஃபிகரேஷன் ஃபைலைப் படிப்பது, பெயரைச் சரிபார்ப்பது மாதிரி வேலைகளை சி-யில் எழுதினால் நீளம், ஷெல்லில் எழுதினால் சிக்கல். ஸ்கிரிப்டிங் மொழியில் சுலபமாக முடியும். பள்ளியில் நம் சீனியர்கள் வாங்கிய அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸைப் பார்த்திருப்பார்கள். சி-டாக் தயாரித்த அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் புது யூசரைச் சேர்க்கும் 'ஆட்யூசர்' கருவி பேர்ல் மொழியில் எழுதியது. அதனால் பேர்லின் சிறு வடிவமான 'பேர்ல்-பேஸ்' அங்கே நீக்கக்கூடாத பேக்கேஜ்.

வசதிக்கு விலை உண்டு. சென்டோஸ் 6-இல் பைத்தான் 2.6-ஐ மாற்றியவர்களுக்கு 'யம்' படுத்துவிட்டது. பேக்கேஜ் மேனேஜரே போனால் எதை வைத்து ரிப்பேர் செய்வது?

இதற்கு ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டார்கள். ஃப்ரீபிஎஸ்டி 2002-இல் பேர்லை அடிப்படை சிஸ்டத்திலிருந்தே எடுத்துவிட்டது. 2019-இல் வந்த ரெட் ஹேட் 8, சிஸ்டம் கருவிகளுக்கென்று 'பிளாட்ஃபார்ம் பைத்தான்' என்று தனியாக ஒன்றை வைத்தது. ஃபெடோரா 41 (2024), பைத்தானில் இருந்த டிஎன்எஃப்-க்குப் பதில் சி++-இல் எழுதிய டிஎன்எஃப்5-க்கு மாறியது.

நமக்கு என்ன பாடம்?

ரங்கநாதர் கோயில் மடைப்பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அடுப்பு எரிவது பெருமாளுக்கு. பசிக்குது என்று நாம் போய் நூடுல்ஸ் கிண்ட முடியுமா? சிஸ்டம் பைத்தானும் அப்படித்தான். நம் சமையலுக்கு நம் வீட்டு அடுப்பு வேண்டும். அதன் பெயர் 'வென்வ்'. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி ஃபோல்டர், தனி லைப்ரரிகள். 3.11 வேண்டுமா? தாராளமாகப் போடுங்கள். 'பைத்தான்3.11' என்று முழுப் பெயர் சொல்லி அதிலிருந்து வென்வ் உருவாக்குங்கள். 'பைத்தான்3' என்ற பெயரைத் தொடாதீர்கள்.

டெபியன் 12 (2023) முதல் சிஸ்டம் பைத்தானில் 'பிப் இன்ஸ்டால்' அடித்தால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று எரர் வரும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அது மடைப்பள்ளி வாசலில் நிற்கும் காவலாளி. அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போகும் ஆப்ஷனை யாராவது சொல்லிக்கொடுத்தால், கேட்காதீங்க.

அன்றைக்கு ராத்திரி என்ன ஆச்சு? ஒரு சீனியர் அண்ணாவுக்கு போன் போட்டோம். "பதறாதீங்கடா. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்துங்க" என்றார். கறுப்புத் திரை வந்தது. அந்த கன்சோலுக்குப் பைத்தான் தேவையில்லை. லாகின் செய்து, 'பைத்தான்3' இணைப்பை மறுபடி 3.10-க்கே திருப்பினோம். டெர்மினல் திறந்தது. வைக்கும்முன் அண்ணா சொன்னது: "இப்பவே கோடை வேற எங்கயாவது பேக்கப் எடுத்து வைங்க. அப்புறம் தூங்குங்க."