மூக்குச் சொட்டு மருந்து: மூன்று நாளைக்கு மேல் வேண்டாம்

மழையும் பனியும் தொடங்கினால் லயத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் தடிமன் வந்துவிடுகிறது. இரவெல்லாம் மூக்கடைப்பு, காலையில் பெரட்டுக்குப் போயாக வேண்டும். டவுனில் ஒரு சின்னப் போத்தல் சொட்டு மருந்து வாங்கி விட்டால் சில நிமிடத்தில் மூக்குத் திறந்து விடுகிறது. "நல்ல மருந்து, நீங்களும் விட்டுப் பாருங்க" என்று பக்கத்துக் காம்பராவுக்கும் கொடுக்கிறோம். இந்த மருந்தைப் பற்றிச் சில விஷயங்களை நாம் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

மூக்கு அடைப்பதற்குச் சளி மட்டும் காரணமல்ல. மூக்கின் உள்தோலில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைய உள்ளன. தடிமன் பிடித்தால் அவை விரிந்து, தோல் வீங்கி, காற்றுப் போகும் வழியை அடைக்கின்றன. சைலோமெட்டாசொலின், ஒக்சிமெட்டாசொலின் போன்ற மருந்துகள் அந்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. ஒக்சிமெட்டாசொலின் 1961ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. இவை வீக்கத்தை வடியச் செய்யுமே தவிர, தடிமனைக் குணப்படுத்துவதில்லை.

இதே மருந்து ஆராய்ச்சிக் கூடங்களுக்குத் தூளாகவும் விற்கப்படுகிறது. அதை மனிதருக்குப் பாவிக்கக் கூடாது என்று லேபிளிலேயே போட்டிருப்பார்கள். அது மனிதர் பாவனைக்கான மருந்துத் தரத்தில் தயாரித்து அங்கீகரிக்கப்பட்டதல்ல என்பதே அதற்குக் காரணம். அதன் வீரியமும் அதிகம். பெரியவர்களுக்கான 0.1 வீத சைலோமெட்டாசொலின் போத்தல் ஒன்றில், 10 மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் மருந்துதான் இருக்கிறது. ஒரு கிராம் தூள் அப்படி 100 போத்தலுக்குப் போதும்.

முதலாவது ஆபத்து பழக்கம். நாலைந்து நாளைக்கு மேல் தொடர்ந்து விட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் குழாய்கள் முன்னையை விட அதிகமாக வீங்குகின்றன. "இன்னும் தடிமன் போகல்ல" என்று மறுபடியும் விடுகிறோம். உண்மையில் இப்போது மூக்கை அடைப்பது தடிமன் அல்ல, மருந்துதான். இப்படி மாதக் கணக்கில் போத்தலும் கையுமாக இருப்பவர்கள் உண்டு. இவர்கள் மருந்தை நிறுத்த வேண்டும். ஒரு பக்க மூக்கில் முதலில் நிறுத்தி, அது திறந்தபின் மறுபக்கத்திலும் நிறுத்தலாம். சில நாள் கஷ்டமாக இருந்தாலும் மூக்கு தானாகத் திறக்கும்.

இரண்டாவது ஆபத்து சின்னப் பிள்ளைகளுக்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஒக்சிமெட்டாசொலின் போன்ற சொட்டு மருந்தை 1 அல்லது 2 மில்லிலீற்றர், அதாவது கால் தேக்கரண்டி அளவு, விழுங்கினாலே சிறு பிள்ளைக்குக் கடும் பாதிப்பு வரலாம் என்பதே அது. பிள்ளை மயங்கித் தூங்கும், நாடித் துடிப்பும் மூச்சும் குறையும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். 1990க்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் வரும்.

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டாக்டர் சொல்லாமல் ஒரு சொட்டும் விட வேண்டாம். கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால் பால் குடிக்க முடியாது என்பது உண்மைதான். அதற்குப் பாமசியில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் விடுங்கள். பிள்ளை மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், பால் குடிக்க மறுத்தால் காத்திருக்க வேண்டாம்.

பிரஷர், இருதய வருத்தம், தைரொயிட், கண் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் கேட்காமல் பாவிக்கக் கூடாது.

ஆகவே ஒருவர் போத்தலை மற்றவர் பாவிக்காதீர்கள், நோய் தொற்றும். மூன்று நாளில் நிறுத்துங்கள். பிள்ளை மடுவத்துக்குக் கொண்டு போகும் பையில் போத்தலைப் போடாதீர்கள். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், மூடியை இறுக்கி வையுங்கள். சந்தேகம் வந்தால் தோட்ட டிஸ்பென்சரியில் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.