இரண்டு வகை விதை வைக்கும் பூ

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரமாக, நாமக்வாலாந்து என்றொரு வறண்ட நிலம் இருக்கிறது. அங்கே பல இடங்களில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 250 மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாது. சென்னையில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது என்றால், நாமக்வாலாந்தின் வறட்சியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான மாதங்களில் கல்லும் மணலும்தான் கண்ணில் படும். ஆனால் மே முதல் ஆகஸ்ட் வரையிலான அந்த ஊர்க் குளிர்காலத்தில் மழை சரியாகப் பெய்துவிட்டால் போதும். ஆகஸ்ட், செப்டம்பரில் தரையே தெரியாமல் ஆரஞ்சு நிறப் பூக்கள் மூடிவிடும்.

அந்தப் பூக்களில் முக்கியமானது டைமார்ஃபோதீகா. ஆப்பிரிக்க டெய்சி என்று தோட்டக்காரர்கள் அழைக்கும் பல செடிகளில் இதுவும் ஒன்று. கல்யாண மேடை அலங்காரத்தில் பார்க்கிறீர்களே ஜெர்பரா, அதன் முன்னோர்களும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவைதான்.

டெய்சியை ஒரு பூ என்கிறோம். உண்மையில் அது ஒரு பூக்கூட்டம். நம்ப முடியவில்லையா? தெருவோரத்தில் முளைத்திருக்கும் வெட்டுக்காயப் பூண்டின் பூ ஒன்றைப் பறித்து, நகத்தால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். அதுவும் சூரியகாந்தியும் டெய்சியும் ஒரே குடும்பம். நடுவில் நெருக்கியடித்து நிற்பவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறுபூ. ஓரத்தில் இதழ் மாதிரி விரிந்திருப்பவையும் வெறும் இதழ்கள் இல்லை, அவையும் பூக்களே.

டைமார்ஃபோதீகாவில் ஓரப்பூவும் விதை வைக்கும், நடுப்பூவும் விதை வைக்கும். (தாவரவியல்படி அவை ஒரு விதை கொண்ட குட்டிக் கனிகள். நாம் விதை என்றே சொல்லுவோம்.) ஆனால் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. நடுப்பூவின் விதை தட்டையானது, மெல்லிய இறக்கை உள்ளது. காற்றடித்தால் பறந்து போகும், ஈரம் பட்டால் சட்டென்று முளைக்கும். ஓரப்பூவின் விதைக்கு இறக்கை கிடையாது. தடித்த தோல், மேலெல்லாம் சொரசொரப்பு. தாய்ச்செடிக்குப் பக்கத்திலேயே விழும், லேசில் முளைக்காது.

ஒரே தாய்க்கு ஏன் இப்படி இரண்டு வகைப் பிள்ளைகள்? நாமக்வாலாந்தில் மழையை நம்ப முடியாது. ஒரு மழை பெய்து, விதையெல்லாம் முளைத்து, அதன்பின் வானம் பொய்த்துவிட்டால் அத்தனை நாற்றுகளும் கருகிவிடும். கெட்டிக்கார உழவர் வீட்டிலிருக்கும் விதைநெல் முழுவதையும் ஒரே மழையை நம்பி விதைத்துவிடுவாரா? இந்தச் செடியும் அப்படித்தான். அவசரமாக முளைக்கும் விதைகள் இந்த ஆண்டு மழையைப் பயன்படுத்திக்கொள்ளும். அவை தோற்றாலும், பிடிவாதமான விதைகள் மண்ணுக்குள் அடுத்த நல்ல மழைக்காகக் காத்திருக்கும். பூவின் நிறத்தைவிட இந்த ஏற்பாடுதான் என்னை வியக்க வைக்கிறது. மூளையே இல்லாத ஒரு செடி, வறட்சியைத் தாங்கத் தலைமுறை தலைமுறையாகக் கண்டடைந்த வழி இது!

இன்னொரு பழக்கமும் உண்டு. வெயில் வந்தால்தான் இந்தப் பூ விரியும். மேகம் மூடினாலும் பொழுது சாய்ந்தாலும் சுருண்டு மூடிக்கொள்ளும். அதனால் மகரந்தம் பனியிலும் மழையிலும் நனையாது. வண்டுகளும் தேனீக்களும் சுறுசுறுப்பாகத் திரிவதும் கதகதப்பான நேரத்தில்தானே! விரிந்த பூ சூரியன் இருக்கும் பக்கம் முகம் காட்டும். நாமக்வாலாந்து பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே இருப்பதால், அங்கே நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். ஆகவே பூப் பார்க்கப் போகிறவர்கள் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் போவது நல்லது. எதிர்த்திசையில் போனால் பூக்களின் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தச் செடியை வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டால், அதன் சொந்த ஊரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வெயில் படும் இடம் வேண்டும். தொட்டி மண்ணில் மணல் தாராளமாகக் கலந்திருக்க வேண்டும். அடியில் ஓட்டை இல்லாத தொட்டி கூடாது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். பாசத்தில் உரத்தை அள்ளிப் போட்டுவிடாதீர்கள்: இலை தழைக்கும், பூ குறையும். நம் சமவெளி ஊர்களில் கார்த்திகை மாதம், கனமழை ஓய்ந்ததும் விதைப்பது நல்லது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். சித்திரை வெயிலை இது தாங்காது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

சில பூக்களைப் பறிக்காமல் செடியிலேயே காய விடுங்கள். விதைகளை உதிர்த்து, இறக்கை உள்ளதையும் இல்லாததையும் தனித்தனியாக உறையில் போட்டுவையுங்கள். அடுத்த கார்த்திகையில் இரண்டு தொட்டிகளில் ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முளையும் வெளிவரும் தேதியை நோட்டில் எழுதுங்கள். இறக்கையில்லா விதைகளின் தொட்டியில் ஒன்றுமே வரவில்லை என்றாலும் மண்ணைக் கொட்டிவிட வேண்டாம். அதற்கடுத்த ஆண்டு மழை வரைக்கும் அந்தத் தொட்டியை அப்படியே வைத்திருந்து, மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.