கேள்விகளால் நிறைந்த நோட்டு

நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் வேலையை நினைத்தாலே சிலருக்குக் கசக்கிறதே, அது ஏன்? தூக்கத்தைப் பற்றிப் பேசிய சென்ற வாரம் இந்தக் கேள்வியை மிச்சம் வைத்திருந்தேன்.

நியூயார்க்கின் ஓர் இலவச மருத்துவ மையத்தில் இந்தக் கசப்பைக் கவனித்து, 1974-இல் அதைப் பற்றி எழுதினார் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். தொண்டு செய்யும் ஆசையோடு வந்தவர்கள் காலப்போக்கில் சிடுசிடுப்பவர்களாக மாறிப்போனார்கள். அதிக அக்கறை கொண்டவர்களே அதிகம் சோர்ந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இந்தச் சோர்வை நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணியிட அழுத்தம் நாள்பட்டுத் தேங்குவதால் வருவது என்றே விளக்கியது.

ஃபிராய்டன்பெர்கர் எழுதி இரண்டு ஆண்டுகள் கழித்து, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் ஜி. வெங்கடசாமி. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வயது, 58. இளமையிலேயே முடக்குவாதம் வந்து படுக்கையில் கிடந்தவர். விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களில் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். வலியும் வேலையும் இத்தனை சேர்ந்த ஒருவர் உள்ளுக்குள் வறண்டுபோகாமல் இருந்தது எப்படி?

ஸ்ரீஅரவிந்தரைப் பின்பற்றிய அவருக்கு விடியற்காலை தியானத்துக்கும் வாசிப்புக்கும் உரியது. நோட்டு எழுதும் பழக்கமும் இருந்தது. அந்த நோட்டுகளில் சாதனைக் கணக்கைவிடக் கேள்விகள்தான் என்னை ஈர்த்தன. தன் கோபத்தை, பொறுமையின்மையை, அகந்தையைத் தானே விசாரித்து எழுதியிருக்கிறார். மருத்துவமனையை எப்படி நடத்துவது என்ற யோசனையும் அதே பக்கங்களில் வருகிறது. இதை ஓய்வு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஓய்வு உடம்பை ஆற்றும். எதற்காக இந்த வேலையைச் செய்கிறோம் என்பது மறந்துபோவதால் வரும் களைப்புக்கு, உட்கார்ந்து கேட்டுக்கொள்வதுதான் வழி.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அரவிந்தில் வேலையைப் பிரித்த விதத்தையும் பார்க்க வேண்டும். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். பரிசோதனை, நோயாளியைத் தயார்செய்வது, ஆலோசனை சொல்வது என்று பெரும்பகுதி வேலையை அவர்கள் ஏற்றார்கள். ஒரு மேசையில் அறுவை முடியும்போது பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மருத்துவரின் கவனம் சில்லறை வேலைகளில் சிதறவில்லை. எல்லாச் சுமையையும் ஒரே ஆள் தலையில் ஏற்றிவிட்டு, "தியானம் பண்ணுங்க, சரியாயிடும்" என்று சொல்லும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது அக்கறை ஆகாது. ஆள் போதவில்லை என்றால் ஆள்தான் போட வேண்டும்.

வீட்டுக்கும் இதே நியாயம்தான்: உட்கார்ந்து கேட்டுக்கொள்ளும் நேரமும் வேண்டும், வேலையைப் பிரிப்பதும் வேண்டும். விடியலில்தான் உட்கார வேண்டும் என்றில்லை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு இருட்டிலேயே போகிறவருக்கு, வியாபாரம் முடிந்த பிறகு வரும் நேரம் வசதிப்படலாம். நகர்ப் பேருந்து நடத்துநருக்கு ஷிப்ட் முடிந்து வீடு சேரும் முன் கால் மணி நேரம். எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். கையில் நோட்டு இருக்கட்டும், செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். இன்று எதில் எரிச்சல் வந்தது, அது யாருடைய வேலை, நாளைக்கு எதை இறக்கிவைக்கலாம் என்று எழுதினால் போதும்.

குடும்பத் தலைவிகள் பலர், "எனக்கு ஏதுங்க அந்தக் கால் மணி நேரம்?" என்கிறார்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்வதைவிட, வீட்டிலுள்ள மற்றவர்களிடம் கேட்பதுதான் முறை. அந்த நேரத்தில் பால் காய்ச்சுவது யார், பிள்ளைக்குச் சாப்பாடு கட்டுவது யார்? இந்த வாரமே பேசிப் பெயரோடு முடிவு செய்யுங்கள்.

அடுத்த வாரம்: காந்தி திங்கட்கிழமைகளில் கடைப்பிடித்த மௌனம்.

(தொடரும்)