வாடகை வீடு யாருக்கு?

சந்தைக்கு வரும் பெரும்பாலான பொருள்கள், கூடுதல் விலை தருபவரைச் சென்றடைகின்றன. வாடகை வீடு இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை. மும்பையின் கிழக்குப் புறநகரான காட்கோபரில் வீடொன்று காலியாகிறது எனக் கொள்வோம். ஒரு வாரத்திற்குள் தரகர் மூலம் பத்துக் குடும்பங்கள் வந்து பார்க்கின்றன. அவர்களுள் இருவர், கேட்டதற்கு மேலும் வாடகை தர முன்வருகின்றனர். ஆயினும், வீட்டுச் சொந்தக்காரர் அவ்விருவரையும் விட்டு, வேறொருவருக்குக் குறைந்த வாடகையில் வீட்டைத் தருகிறார். இத்தகைய முடிவு தனிமனிதரின் விருப்புவெறுப்பு மட்டுமன்று. அதன் பின்னே பொருளாதாரக் காரணங்களும், சட்டத்தின் வரலாறும், சமூகப் பழக்கமும் ஒருங்கே செயற்படுகின்றன.

காட்கோபரில் வீடு தேடுவோர் மிகுதி. மத்திய ரயில்வேயின் புறநகர்த் தடத்தில் அமைந்துள்ள இவ்விடம், 2014 ஜூன் 8 அன்று திறக்கப்பட்ட மும்பையின் முதல் மெட்ரோ ரயில் தடத்தால் அந்தேரி, வெர்சோவா ஆகிய மேற்குப் பகுதிகளோடும் இணைக்கப்பட்டது. 11.4 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம், நகரின் கிழக்கிலும் மேற்கிலும் வேலை பார்ப்போர் இருதரப்பினருக்கும் காட்கோபரை ஏற்ற இடமாக்கியது. தேவை பெருகிய அளவிற்கு வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் பெருகவில்லை.

வீடுகளே இல்லை என்பது இதன் பொருளன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மும்பையில் சுமார் 4.8 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன. நாட்டின் நகரங்களுள் இதுவே மிக உயர்ந்த எண்ணிக்கை என 2017–18ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை குறிப்பிட்டது. இந்திய நகரங்களில் வாடகை வீடுகளின் பங்கு 1961இல் 54 விழுக்காடாக இருந்து, 2011இல் 28 விழுக்காடாகக் குறைந்தது என்பதையும் அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது. வீடு இருந்தும் வாடகைக்கு விடாமல் பூட்டிவைப்பது, கிடைக்கக்கூடிய வருவாயைவிட நேரக்கூடிய இழப்பைச் சொந்தக்காரர் பெரிதாகக் கருதுகிறார் என்பதன் அறிகுறியாகும்.

வாக்குறுதியின் விலை

அரிசியோ துணியோ விற்பவர், பணம் கைக்கு வந்தவுடன் வாங்குபவரை மறந்துவிடலாம். வீட்டை வாடகைக்கு விடுபவர் அவ்வாறு இருக்க இயலாது. அவர் பல லட்சம் அல்லது கோடி ரூபாய் பெறுமான சொத்தை மற்றொருவர் கையில் ஒப்படைக்கிறார். அதற்கு ஈடாகப் பெறுவது மாதந்தோறும் பணம் தருவதாகவும், காலம் முடிந்ததும் காலி செய்வதாகவும் கூறும் வாக்குறுதியே ஆகும். அவ்வாக்குறுதியைக் காப்பாற்றும் எண்ணமும் ஆற்றலும் தமக்கு எவ்வளவு உண்டு என்பது வாடகைதாரருக்குத் தெரியும். வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியாது.

ஒரு தரப்புக்கு மட்டும் தெரிந்த செய்தியால் சந்தை எவ்வாறு சீர்குலையும் என்பதை அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். 1981இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், ஆண்ட்ரூ வைஸ் ஆகியோர் இக்கருத்தை வங்கிக் கடனுக்குப் பொருத்திக் காட்டினர். வட்டியை உயர்த்திக்கொண்டே போனால், திருப்பித் தரும் எண்ணமுள்ளவர்கள் விலகி, துணிந்து வாங்குபவர்களே எஞ்சுவர். ஆகவே வங்கி வட்டியை ஓரளவோடு நிறுத்தி, கேட்பவர்களுள் சிலருக்கு மட்டும் கடன் தருகிறது என்றனர். வீட்டுச் சொந்தக்காரரும் இவ்வாறே வாடகையை ஓரளவோடு நிறுத்திக்கொண்டு, ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் செலுத்துகிறார். பிறரைவிட மிகுதியாகத் தர முன்வருபவரைக் கண்டு, இவருக்கு வேறெங்கும் வீடு கிடைக்காதது ஏன் என அவர் ஐயுறுவதும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். மாத வாடகை 40,000 ரூபாய் எனவும், ஒப்பந்தக் காலம் 11 மாதங்கள் எனவும் கொள்வோம். ஒருவர் கேட்ட தொகையைத் தருகிறார்; மற்றொருவர் 42,000 ரூபாய் தருவதாகக் கூறுகிறார். இரண்டாமவரால் கிடைக்கும் கூடுதல் வருவாய் 22,000 ரூபாய். ஆனால், காலம் முடிந்த பின்னும் ஆறு மாதங்கள் வாடகை தராமல் ஒருவர் தங்கிவிட்டால் இழப்பு 2,40,000 ரூபாய். முதலாமவரைவிட இரண்டாமவர் அவ்வாறு நடந்துகொள்ளும் வாய்ப்பு பதினொன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தாலே அந்த 22,000 ரூபாய் ஏறத்தாழக் கரைந்துவிடும். இத்துணைச் சிறிய ஐயமும் தேர்வை மாற்றப் போதுமானது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

மூன்று மாத வாடகையை முன்பணமாக, அதாவது 1,20,000 ரூபாயை, சொந்தக்காரர் பெற்றிருந்தால் இழப்பு பாதியாகிறது. அப்போது ஐயம் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கினால்தான் அவர் இரண்டாமவரை விலக்குவார். முன்பணம் கூடக்கூட, ஆளைப் பற்றிய ஐயத்தின் வலிமை குறைகிறது. ஆனால், சேமிப்பு இல்லாத குடும்பத்தை அந்த முன்பணமே வாசலில் நிறுத்திவிடுகிறது.

சட்டம் கற்பித்த அச்சம்

இழப்பு பற்றிய இந்த அச்சம் மும்பையில் ஆழ வேரூன்றியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. முதல் உலகப்போரின்போது வாடகை ஏறியதால் 1918இல் பம்பாயில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் வந்த 1947ஆம் ஆண்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் 1 அன்று இருந்த நிலையோடு பிணைத்தது. வாடகைதாரரை வெளியேற்றுவதற்கும் கடுமையான வரம்புகள் விதித்தது. போருக்குப் பிந்தைய நெருக்கடியில் எளியோரைக் காத்த இவ்வேற்பாடு, பல பத்தாண்டுகள் தொடர்ந்தபோது வேறு விளைவுகளைத் தந்தது. பழுது பார்க்கவும் போதாத வாடகையால் கட்டடங்கள் சிதைந்தன. குடியுரிமையை மாற்றிக் கொடுக்கப் பெருந்தொகை பெறும் ‘பகடி’ முறை மறைவில் வளர்ந்தது.

சட்டத்தின் பிடியிலிருந்து விலக வீட்டுச் சொந்தக்காரர்கள் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ எனப்படும் உரிம முறையைக் கைக்கொண்டனர். இம்முறையில் குடியிருப்பவர் வாடகைதாரர் அல்லர். குறித்த காலத்திற்குத் தங்க இசைவு பெற்றவர் மட்டுமே. ஆயினும், 1973ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று குடியிருந்த உரிமதாரர்களையும் வாடகைதாரர்களாக ஆக்கியது. ஒருநாள் விருந்தினராக வந்தவர் மறுநாள் நிலையான குடியாகலாம் என்ற பாடத்தைச் சொந்தக்காரர்கள் அன்று கற்றனர்.

வாடகையைப் பழைய அளவிலேயே உறையவைத்திருப்பது நியாயமற்றதாகிவிட்டது என 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்படல் வேண்டும். பதிவு செய்விக்கும் பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரருடையது. உரிமக் காலம் முடிந்தும் காலி செய்யாதவர் இரு மடங்கு கட்டணம் தர நேரிடும். வீட்டை மீட்பதற்கெனத் தனி அதிகாரியும் உண்டு. சட்டம் மாறிவிட்டது, ஆனால் பழைய சட்டம் கற்பித்த எச்சரிக்கை தலைமுறை கடந்தும் நிற்கிறது.

இச்சட்டம் ஒரு புதிய தரவரிசையையும் ஏற்படுத்தியது. வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், பன்னாட்டு நிறுவனங்கள், ஒரு கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் கொண்ட நிறுவனங்கள் ஆகியன வாடகைக்குப் பெறும் இடங்களுக்குக் கட்டுப்பாடு பொருந்தாது. எனவே, நிறுவனம் தன் பெயரில் வீடெடுத்துத் தரும் ஊழியர், வரிசையில் முதலிடம் பெறுகிறார். அவர் பிறரைவிட நல்லவர் என்பது இதன் பொருளன்று. அவருக்காக வேறொருவர் பொறுப்பேற்கிறார் என்பதே பொருள்.

அடையாளங்களைக் கொண்டு அளத்தல்

பொறுப்பேற்க ஒருவரும் இல்லாதபோது வீட்டுச் சொந்தக்காரர் அடையாளங்களை நாடுகிறார். சம்பளச் சீட்டு, பணியிடம், முந்தைய வீட்டுக்காரரின் சொல் ஆகியன தேர்வுக்குத் தொடர்புடையவை. சற்று முயன்றால் சரிபார்க்கத்தக்கவை. சாதி, மதம், மொழி, உணவுப் பழக்கம், மணமானவரா தனித்திருப்பவரா என்பன செலவின்றிக் கண்ணில் படுபவை. சரிபார்ப்பது கடினமாகவும் இழப்பு பெரிதாகவும் உள்ளபோது, செலவில்லாத அடையாளமே முந்திக்கொள்கிறது. ஒரு பிரிவினரைப் பற்றிய பொதுக் கருத்தைத் தனிமனிதர்மேல் ஏற்றிவைக்கும் இப்போக்கினை, எட்மண்ட் ஃபெல்ப்ஸ் 1972இலும் கென்னத் ஆரோ 1973இலும் பொருளியல் நோக்கில் ஆராய்ந்தனர்.

தம்மவரைத் தேடும் பழக்கம் மும்பையில் பழமையானது. 1915இல் காம்தேவியில் தோன்றிய சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், ஒரே சமூகத்தவரின் பரஸ்பர நம்பிக்கையை மூலதனமாகக் கொண்டு நடுத்தரக் குடும்பங்களுக்கு வீடு தந்தது. தமிழகத்திலிருந்து மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய இடங்களுக்கு வேலை தேடி வந்தவர்களுக்கும் உறவினர் அல்லது ஊர்க்காரர் ஒருவரின் சொல்லே பிணையாக அமைந்தது. ஆனால், தம்மவருக்குத் திறக்கும் கதவு பிறருக்கு மூடிய கதவாகவும் ஆகிறது. ஒரு சமூகத்தவருக்கு மட்டும் உறுப்புரிமை வழங்கும் கூட்டுறவுச் சங்க விதி செல்லும் என 2005இல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்காரர் இசைந்தாலும் கட்டடச் சங்கத்தின் நிர்வாகிகள் இசையவேண்டும் என்ற நடைமுறை பல இடங்களில் காணப்படுகிறது.

எல்லாத் தேர்வுக்கும் அச்சமே காரணம் எனக் கூறுவதும் தவறாகும். கேரி பெக்கர் 1957இல் காட்டியவாறு, வருவாயை இழந்தும் ஒரு பிரிவினரைத் தவிர்க்க விரும்புவோர் உண்டு. தில்லித் தலைநகர் வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் பிற அறிஞர்களும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, தகுதி ஒத்திருந்தும் தலித்துகளும் முஸ்லிம்களும் பிறரைவிட மிகுதியாக மறுக்கப்படுவதை வெளிக்கொணர்ந்தது. தகுதி ஒத்திருக்கும்போது எழும் மறுப்பை இழப்பு பற்றிய அச்சம் என மட்டும் கூறித் தள்ளிவிட இயலாது.

மறுக்கப்பட்டவர் தரும் விலை

மறுக்கப்பட்டவர் வீடின்றி நின்றுவிடுவதில்லை. ஆனால் கூடுதல் விலை தருகிறார். தரகருக்கு மிகுதியாகத் தருகிறார். பணியிடத்திலிருந்து தொலைவில் குடியேறுகிறார். பிள்ளைகளின் பள்ளியை மாற்றுகிறார். அல்லது எழுத்தில் ஒப்பந்தமே இல்லாத இடத்தில் தங்கி, எந்நேரமும் வெளியேற்றப்படும் நிலையை ஏற்கிறார்.

காட்கோபர் கிழக்கில் இதற்கு ஒரு புதிய முக்கியத்துவம் உண்டு. மாதா ரமாபாய் அம்பேத்கர் நகர், காமராஜ் நகர் ஆகிய குடிசைப் பகுதிகளைச் சீரமைக்கும் பணியை மும்பை பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையமும் குடிசைப்பகுதி மறுவாழ்வு ஆணையமும் இணைந்து மேற்கொண்டுள்ளன. இத்தகைய திட்டங்களில், புதிய கட்டடம் எழும்வரை குடும்பங்கள் இடைக்கால வாடகைத் தொகை பெற்று வெளியே வீடு தேடிக்கொள்ளும் முறை உள்ளது. ஒரே வட்டாரத்தில் ஒரே காலத்தில் பல குடும்பங்கள் வீடு தேடும்போது, சம்பளச் சீட்டில்லாத தொழிலாளியும் ‘குடிசைப்பகுதி’ என்ற முகவரி உடையவரும் வரிசையின் கடைசியில் நிற்கின்றனர். அரசு வாடகைப் பணத்தைத் தரலாம். வீட்டுக்காரரின் நம்பிக்கையைப் பணமாகத் தர இயலாது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒப்பந்தம் உறுதியானதாகவும் விரைவில் நிறைவேற்றத்தக்கதாகவும் அமைதல் வேண்டும். 2021 ஜூன் 2 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இந்நோக்குடையது. எழுத்து மூலமான ஒப்பந்தம், வாடகை ஆணையம், தனி வாடகை நீதிமன்றம், வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மிகாத முன்பணம் ஆகியவற்றை அது வகுத்துள்ளது. காலம் கடந்து தங்குபவர் முதல் இரு மாதங்களுக்கு இரு மடங்கும், பின்னர் நான்கு மடங்கும் வாடகை தரவேண்டும். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் செயற்பட்டு வருகிறது. முன்பணத்திற்கு வரம்பு விதிக்கும்போது வழக்குகள் விரைந்து முடிவதும் உறுதியாதல் வேண்டும். இன்றேல், முன்பணத்தால் ஈடுசெய்ய இயலாத அச்சத்தைச் சொந்தக்காரர் ஆளை வடிகட்டுவதன் மூலம் தீர்த்துக்கொள்வார்.

இரண்டாவதாக, நிறுவன ஊழியருக்கு நிறுவனம் பொறுப்பேற்பதுபோல், எளியோருக்கும் பொறுப்பேற்பவர் தேவை. இடைக்கால வாடகை வழங்கும் அமைப்புகள், ஓரிரு மாத வாடகைக்குப் பிணையும் தர முன்வந்தால், அதே பணத்தால் குடும்பங்களுக்குக் கூடுதல் வீடுகள் திறக்கக்கூடும். ஒழுங்காக வாடகை செலுத்தியதற்கான பதிவு வாடகைதாரரின் கையில் இருப்பதும் பயன் தரும்; அடையாளத்திற்குப் பதிலாக நடத்தை பேசும்.

மூன்றாவதாக, உறுதியான ஒப்பந்தமும் பிணையும் இருந்தும் எழும் மறுப்புக்குச் சட்டமே மருந்து. நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு அரசின் பாகுபாட்டைத் தடுக்கிறது. கடைகள், உணவகங்கள், கிணறுகள் போன்றவற்றில் எவரையும் விலக்கலாகாது எனவும் விதிக்கிறது. தனியார் வாடகை வீடுகள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 1968இல் இயற்றப்பட்ட சட்டங்கள் வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தன. தாம் குடியிருக்கும் சிறிய வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுபவருக்கு அமெரிக்கச் சட்டம் விலக்களித்தது. தனிமனிதரின் இல்லத்தையும் வாடகைத் தொழிலையும் வேறுபடுத்திப் பார்க்க இயலும் என்பதற்கு இது சான்று.

வீட்டைக் காப்பது சொந்தக்காரரின் உரிமை. அவருடைய அச்சம் பொய்யன்று. அவ்வச்சத்தைச் சட்டமும் பிணையும் குறைத்த பின்னரே, எஞ்சி நிற்கும் மறுப்பு எதனால் என்பது வெளிப்படையாகும். அதுவரை, வாடகையும் முன்பணமும் கையில் வைத்துக்கொண்டு காட்கோபரின் படிகளில் ஏறி இறங்கும் குடும்பத்திற்கு, தான் மறுக்கப்பட்ட காரணம் தெரியப்போவதில்லை.